சிறகும் கயிறும்

இலக்கணம் கற்பிப்பவனுக்கு விளையாட்டிலே என்ன வேலை என்று அன்பர்கள் வினவுதல் கூடும். வினவுவது முறையே. நெடுங்காலமாக நன்னூலும் காரிகையும் சொல்லிக்கொடுத்து வந்த ஒருவன், பகடையும் பூதமும் பறவை மனிதரும் பற்றி எழுதப் புகுந்தால், இவருக்கு யாது நேர்ந்தது என்று ஐயுறுவது இயல்பு. நேர்ந்ததைச் சொல்லிவிட்டே மேற்செல்கின்றேன்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் என் தமக்கையாரின் மகன் ரொறன்ரோ நகரிலிருந்து வந்து எங்கள் இல்லத்திலே ஒரு மாதம் தங்கினான். வயது பத்தொன்பது. அவன் பெட்டியிலே தடித்த புத்தகம் ஒன்றும், நான்கு முகம் தொடக்கம் இருபது முகம் வரையுள்ள பகடைகள் ஒரு பையும் இருந்தன. இரண்டாம் நாளே அயல் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பாடசாலை மாணாக்கர் சிலரும் விறாந்தையிலே கூடிவிட்டனர். மாலைதோறும் விளக்கு வைத்த பின்னும் பேச்சொலி ஓயவில்லை. சீட்டாட்டமோ என்று ஐயுற்றுச் சென்று பார்த்தேன். சீட்டும் இல்லை; காசும் இல்லை. கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது.

அவ்விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’. நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என்று பொருள் கொள்ளலாம். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஏற்பர். ஒருவர் மட்டும் கதை நடத்துநராக அமர்வார். எங்கள் நாட்டுக்கூத்துக்கு அண்ணாவியார் எப்படியோ அப்படி. ஆயினும் அண்ணாவியாரின் ஏட்டிலே கதையின் முடிவு எழுதப்பட்டிருக்கும். இங்கே முடிவு எழுதப்படவில்லை. “மலையில் ஏறுகிறேன்” என்று ஒருவன் சொன்னால், ஏறினானா விழுந்தானா என்பதை இருபது முகப் பகடை தீர்ப்பிடும். போர்வீரன், மந்திரவாதி, கள்வன் என்று பாத்திரத்துக்குத் தொழில் உண்டு. மனிதன், குள்ளன், ‘எல்ப்’ எனப்படும் வனவாசி என்று பிறப்பால் ஓர் இனமும் உண்டு. அனுபவம் முதிர முதிரப் பாத்திரம் ஒன்றாம் படியிலிருந்து மேற்படிகளுக்கு ஏறும்.

நூலிலே உள்ள இனங்கள் போதாவென்று ஆடுவோர் தாமே புதிய இனங்களைப் படைத்துக்கொள்வதும் அங்கே வழக்கம். அவ்வாறு படைத்தவற்றை ஆங்கிலத்தில் ‘ஹோம்புரூ’ என்பர். வீட்டிலே வடித்த மது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பெயர் பொருத்தமானதே. வீட்டில் வடிப்பவனுக்கு அளவு சொல்ல ஆளில்லை, தலைசுற்றுவது குடிப்பவனுக்கு.

எங்கள் மாணாக்கன் ஒருவன் அவ்வாறு ஓர் இனத்தைப் படைத்தான். மலைமுடிகளில் வாழும் சிறகுடை மக்கள். ஒரு தாளில் அவர்தம் இயல்பெல்லாம் எழுதி வந்து, “ஐயா, இவர்களுக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சொல்லுங்கள்” என்றான். ‘விசும்பர்’ என்று பெயரிட்டேன். பெயரை மட்டும் பார்த்தேன், தாளைப் படிக்கவில்லை. ஆசிரியனாகிய யான் செய்த பிழை அது.

அக்குழுவிலே ஒரு மாணவி இருந்தாள். அவள் ஏற்ற பாத்திரம் செங்குத்துப் பாறைகளிற் கயிறு கட்டி ஏறும் மலையேறி. முதல் இரு மாலைகளில் அவள் குரலே ஓங்கி ஒலித்தது. மதிலா? கயிற்றை எறிவாள். பள்ளமா? கயிற்றை இறக்குவாள். மூன்றாம் மாலை விசும்பர் வந்தார். மதில் வந்தது, விசும்பர் பறந்தார். பள்ளம் வந்தது, விசும்பர் பறந்தார். கோபுரத்து உச்சியில் இருந்த திறவுகோலை விசும்பரே எடுத்துவந்தார். நான்காம் மாலை அவள் வரவில்லை. மறுநாள் பாடசாலையிற் கண்டு காரணம் கேட்டேன். “ஐயா, எனக்கு அங்கே வேலையில்லை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. யாரும் அவளைப் பழிக்கவில்லை. யாரும் அவளைத் தோற்கடிக்கவில்லை. ஒரு தாளில் எழுதிய சில வரிகள் அவளை அவ்விடத்தினின்றும் அகற்றிவிட்டன. வரிகளுக்கு அத்தகைய வலிமை உண்டு என்பதை எங்களைப் போன்றோர் அறியாமல் வேறு யார் அறிவார்? அன்றிரவே மருமகனை அழைத்து, அவன் கொணர்ந்த நூலையும் அவன் அறிந்த பழைய பதிப்புகளின் வரலாற்றையும் கேட்டு அறியலானேன். அறிந்தவற்றைக் கொண்டு எனக்குத் தோன்றிய முடிபை இங்கே உரைக்கின்றேன்.

இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கமாக, மூன்று சிறு நூல்களாய் வெளிவந்தது. அன்றே இந்தச் சிக்கல் உடன்பிறந்தது. மனிதர், குள்ளர், எல்ப், ஹொபிட் என்பன அன்றிருந்த இனங்கள். டொல்கீனின் கதைகளுக்கு உரிமை வைத்திருந்தோர் ஆட்சேபித்தமையால் ஹொபிட் என்னும் பெயர் பின்னர் ஹாப்லிங் என்று மாறியது. எல்ப்புக்கு வாளும் உண்டு, மந்திரமும் உண்டு. அப்படியாயின் மனிதனாக ஆட எவன் இசைவான்? அதற்கு ஆசிரியர்கள் கண்ட விடை, ஏணியை வெட்டுதல். குள்ளன் போர்த்தொழிலில் 6ஆம் படிக்கு மேல் ஏறலாகாது. ஹொபிட்டுக்கு 4ஆம் படியே எல்லை. எல்ப் போர்த்தொழிலில் 4ஆம் படியும் மந்திரத்தில் 8ஆம் படியும் கடத்தல் ஆகாது. மனிதனுக்கு மட்டும் எல்லை இல்லை.

பார்வைக்கு நீதியாகவே தோன்றும். ஆராய்ந்தால் இது கடனுக்கு விற்ற சரக்கு. வரத்தை இன்றே கொடுத்து விலையை நாளை வாங்குவது. நாளை வருமுன் ஆட்டமே கலைந்துவிட்டால் விலை வசூலாவதில்லை. கலையாது நீடித்தாலோ, தோழரெல்லாம் மேலே ஏற, எல்லை கண்டவன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். முதலிற் பிறர்க்கு வேலை இல்லை. பின்னர் அவனுக்கு வேலை இல்லை. இரு அநீதிகள் சேர்ந்து ஒரு நீதி ஆகா.

2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு இந்த எல்லையை நீக்கியது. வலிய இனங்களுக்கு வேறொரு விலை வைத்தது. ‘ட்ரோ’ எனப்படும் பாதாள எல்ப், தான் நிற்கும் படியினும் இரண்டு படி கூடியவனாகக் கணக்கிடப்பட்டான். மற்றையோர் மூன்றாம் படியில் நிற்கையில் அவன் முதற்படியில் நிற்பான். இப்பொழுது விலை முன்கூட்டியே வாங்கப்பட்டது. அவன் பெற்ற வரம் பெரிது. ஆனால் அவ்வரத்தைத் தாங்கும் உடம்போ, படி குறைந்தமையால், ஓர் அடிக்கு நில்லாதது. முன்னது நாளைய விலை; பின்னது நேற்றைய விலை. இன்றைய வரத்துக்கு இன்றே விலை என்பது இரண்டிலும் இல்லை.

அடுத்து வந்தவர் கணக்கர். ‘பாத்பைண்டர்’ என்னும் மற்றோர் ஆட்டத்துக்கு 2012இல் வெளிவந்த இனநூல், ஒவ்வோர் இயல்புக்கும் புள்ளி விதித்து, கூட்டிப் பார்த்து இனம் படைக்கும் முறை ஒன்றைத் தந்தது. அக்கணக்கில் மனிதன் 9 புள்ளி; ஹாப்லிங் 9; எல்ப் 10; குள்ளன் 11. புதிதாக இனம் படைப்போனுக்கு இது பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. அளவுகோலே இல்லாதிருப்பதினும் கோணல் அளவுகோல் நன்று. ஆயினும் புள்ளி, இயல்பைத் தனியே நிறுத்தி எடை போடுகிறது. ஆட்டத்திலோ இயல்பு தனியே நிற்பதில்லை. இடத்தோடும் தொழிலோடும் தோழரோடும் சேர்ந்தே நிற்கிறது. சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள், தொடரில் ஒரு பொருள் அன்றோ? புள்ளி அகராதிப் பொருள். ஆட்டம் தொடர்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். நன்னூல் கற்கும் மாணாக்கர் நூலின் குற்றங்களை மனனம் செய்வர். அவற்றுள் மூன்று இங்கே நேரே பொருந்தக் கண்டு வியந்தேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்பன அவை.

குன்றக் கூறல் முதலாவது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலே மனிதனுக்கு ஆறு ஆற்றல்களிலும் ஒவ்வோர் எண் கூட்டப்பட்டது. வலிமை, சுறுசுறுப்பு, உடலுரம், அறிவு, விவேகம், வசீகரம் ஆகிய ஆறும் உயர்ந்தன. எண்ணிப் பார்ப்பவன், “ஆறு வரம்!” என்று மலைப்பான். ஆனால் அவ்வாட்டத்தில் ஆற்றல் எண் 10 ஆயின் பகடையோடு கூட்டுவது யாதும் இல்லை. 12 ஆயின் 1. 14 ஆயின் 2. இரண்டுக்கு ஒன்றாகவே பயன் ஏறும். ஆகவே 12 என்பது 13 ஆனால் அப்போதைக்குப் பயன் இல்லை. ஆறு வரத்திற் பாதி வீணாதலும் உண்டு. அதனாலேயே பலர் அம்மனிதனை விடுத்து, அந்நூலே விருப்பத்துக்கு விட்ட மற்றொரு மனிதனை, எண் குறைந்தாலும் தனித்திறம் ஒன்று பெற்றவனை, தெரிந்துகொண்டனர். பட்டியல் நீண்டமையால் இனம் வலிது ஆகாது.

இரண்டாவது மிகைபடக் கூறல். இங்கேதான் இளைஞர்கள் பெரிதும் இடறுகின்றனர். “வலிமையில் 2 கூட்டினால் மிகுமோ, 3 கூட்டினால் மிகுமோ” என்று எண்ணைப் பற்றியே வழக்காடுகின்றனர். பிறப்பால் 2 கூட்டினாற் பகடையிலே சேர்வது 1. இருபது முகத்தில் ஒரு முகம். நூறு வீச்சில் ஐந்து. அவ்வளவே. ஹாப்லிங்குக்கு ஓர் அழகான வரம் உண்டு. பகடையில் 1 விழுந்தால் மீண்டும் வீசலாம். அதுவும் நூற்றில் ஐந்துக்கே உதவுவது. அது உதவும்போது வீசியவன் மட்டுமன்றிச் சுற்றியிருப்போர் யாவரும் ஆரவாரிக்கின்றனர். இவை இடரைக் குறைக்கும் வரங்கள்.

இடரையே இல்லாமற் செய்யும் வரங்கள் வேறு. 2015இல் வந்த துணைநூல் ஒன்றிலே ‘ஆரக்கொக்ரா’ என்னும் பறவை இனம் முதற்படியிலேயே, தன் முறை வருந்தோறும் 50 அடி பறக்கலாம் என்று விதிக்கப்பட்டது. நடுத்தரக் கவசமும் கனத்த கவசமும் கூடாது என்பதே நிபந்தனை. இதனோடு மந்திரவாதியை ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் ஐந்தாம் படிக்கு ஏறிய பின்னரே பறக்கும் மந்திரத்தை அடைகிறான். அதுவும் மனம் சிதறாது காத்திருந்தாற் பத்து நிமிடம். ஐந்து படி உழைத்தவனுக்குப் பத்து நிமிடம். பிறந்தவனுக்கு வாழ்நாள் முழுதும்! பதிப்பகத்தாரின் ஆதரவில் நடைபெறும் பொது ஆட்டங்களில் அவ்வினத்தை ஏற்க மறுத்தமை வியப்பன்று. அதற்கடுத்த ஆண்டில் வந்த மற்றொரு நூலில், ‘யுவான்-தி’ என்னும் பாம்பினத்துக்கு நஞ்சு தீண்டாமையும், மந்திரத்தைத் தடுக்கையில் இரு பகடை வீசி உயர்ந்ததைக் கொள்ளும் உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 11 விழ வேண்டிய இடத்தில் ஒரு பகடையால் தப்புவது நூற்றுக்கு ஐம்பது. இரு பகடையால் எழுபத்தைந்து. நூற்றில் ஐந்துக்கு வழக்காடியவர்கள் நூற்றில் இருபத்தைந்தைக் காணாது விட்டனர். 2022இல் வந்த திருத்தநூலில் யுவான்-தியின் நஞ்சு தீண்டாமை குறைக்கப்பட்டது. ஆரக்கொக்ராவின் வேகமும் நடையின் வேகத்துக்கு இறக்கப்பட்டது. வேகம் குறைந்தாலும் பறவை பறவையே. பள்ளம் மெதுவாகக் கடக்கப்படினும் கடக்கப்பட்டதே.

“குறை ஒன்றைச் சேர்த்தால் மிகை நேராகாதோ?” என்று கேட்பர். நேராகும், குறை உண்மையிற் குறையாக இருப்பின். பாதாள எல்ப்புக்கு இருளில் 120 அடி தூரம் கண் தெரியும். அதற்கு ஈடாக வெயிலிற் குறி தவறும் என்று 2014ஆம் ஆண்டு நூலிலே விதித்திருந்தனர். ஆட்டம் முழுவதும் நிலவறையிலேயே நடந்தால் அந்த வெயில் எங்கே? கட்டாத வரி வரியன்று. அவ்வாறே, “எங்கள் இனத்தவரைக் கண்டால் ஊரார் வெறுப்பர்” என்று எழுதிவிட்டு அதற்கு ஈடாகப் பெரிய வரம் கேட்போரும் உளர். அந்த வெறுப்பை நடத்துநர் நாள்தோறும் நடிக்க மறந்தால் வரம் இலவசம்; மறவாது நடித்தால் குழு முழுவதும் அவனொருவனுக்காக ஊர் வாயிலிற் காத்து நிற்கும்.

மூன்றாவது கூறியது கூறல். இதையே யான் பெருங்குற்றம் என்பேன். ஒரு தோழன் தன் தொழிலால் தேடிக்கொண்ட சிறப்பை மற்றொருவன் பிறப்பால், விலையின்றி, அதனினும் மிகுதியாகப் பெற்று வருதல். எங்கள் விறாந்தையில் நேர்ந்தது இதுவே. மலையேறி இல்லாத குழுவில் விசும்பர் அவ்வளவு தீங்கு செய்திரார். மலையேறி இருந்த குழுவில் அவர் அவளது தொழிலையே கூறியது கூறினார். ஆகவே ஓர் இனம் சமனானதா என்பதைத் தாளைப் பார்த்து மட்டும் சொல்லிவிட இயலாது. மேசையைச் சுற்றி யார் யார் இருக்கின்றனர் என்பதையும் பார்த்தே சொல்ல வேண்டும். சமன் என்பது எண்ணின் சமன் அன்று, பங்கின் சமன். ஒவ்வொருவருக்கும் ஒரு மாலையில் ஒரு முறையாவது, “இப்போது நீயே வேண்டும்” என்று மற்றையோர் திரும்பிப் பார்க்கும் கணம் வாய்க்கின்றதா என்பதே கேள்வி.

இதனை மறுப்போர் கூற்று ஒன்றுண்டு. “இது போட்டியன்று, யாவரும் ஒரு கட்சி. ஒருவன் வலியனாயின் அது குழுவுக்கு நன்மையே. மிஞ்சினால் நடத்துநர் வில்லாளரை நிறுத்திப் பறப்பவனை வீழ்த்தட்டும்” என்பர். குழுவுக்கு வெற்றி நன்மை என்பது உண்மை. ஆனால் அப்பிள்ளைகள் வெற்றிக்காகவா மாலைதோறும் கூடினர்? கூடி வெல்வதற்காகக் கூடினர். வேறொருவன் வென்று தரும் வெற்றியிற் பங்கு பெறுவது, பிறர் எழுதிய விடையைப் பார்த்து எழுதிப் பெற்ற புள்ளி போன்றது. வில்லாளரை நிறுத்துவதோ அதனினும் தவறு. ஒரு கையாற் சிறகு கொடுத்து மறு கையால் அம்பெய்தால், சிறகு பெற்றவனும் மனம் வருந்துவான். அன்றியும், கணவாய்தோறும் வில்லாளர் நிற்க வேண்டுமாயின், கதையை நடத்துவது நடத்துநர் அல்லர். அந்த ஒரு தாளே கதையை நடத்துகின்றது.

“அளவு பார்த்தால் கற்பனை மடியும்” என்பார் வேறு சிலர். வெண்பாவுக்குத் தளை விதித்ததனாற் புலவர் ஊமையாயினரோ? அளவு கற்பனைக்குப் பகையன்று; பிறர் கற்பனைக்கும் இடம் விடுவதற்காக நம் கற்பனைக்கு நாமே இட்டுக்கொள்ளும் வேலி.

இன்னுமொன்று சொல்லாது விடுதல் ஆகாது. இனம் என்னும் சொல் எந்த நாட்டிலும் விளையாட்டாகக் கையாளத்தக்க சொல் அன்று. சிறகு உடம்பிலே முளைப்பது. இருளிற் காணும் கண்ணும் உடம்பைச் சேர்ந்தது. அறிவும் பண்பும் அவ்வாறு முளைப்பனவா? 2016ஆம் ஆண்டு நூலிலே ‘ஓர்க்’ என்னும் இனத்துக்குப் பிறப்பாலேயே அறிவில் 2 குறைக்கப்பட்டிருந்தது. 2020இல் அக்குறைப்பு நீக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த நூலொன்று, பிறப்பால் வரும் ஆற்றல் எண்களை ஆடுவோர் தாம் விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள இடம் தந்தது. 2022இல் வெளியான நூலொன்றிலே, குரங்கை ஒத்த ஓர் இனத்துக்கு அடிமை வரலாறு ஒன்றைப் புனைந்திருந்தனர். அது கறுப்பின மக்களைப் பற்றிய பழைய இழிசொற்களை நினைவூட்டியது என்று கண்டனம் எழவே, பதிப்பகத்தார் வருத்தம் தெரிவித்து அப்பகுதியை அகற்றினர். 2024ஆம் ஆண்டு நூலிலே இனத்தைக் குறித்த ஆங்கிலச் சொல்லே மாற்றப்பட்டு, உயிர்வகை என்னும் பொருள்படும் சொல் வைக்கப்பட்டது. ஆற்றல் எண்களும் பிறப்பினின்றும் பிரிக்கப்பட்டு, பாத்திரம் வளர்ந்த சூழலோடு சேர்க்கப்பட்டன.

இதெல்லாம் மிகை என்று முணுமுணுப்போரும் உளர். யான் முணுமுணுக்க மாட்டேன். வகுப்பறையிலே, “இவன் இன்னாருடைய பிள்ளை, இவனுக்கு இவ்வளவுதான் வரும்” என்று சொல்லும் ஆசிரியரைக் கண்டிருக்கிறேன். அச்சொல்லைக் கேட்டு அவ்வளவோடு நின்ற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். விளையாட்டிலே மூடரினம் என்று ஒன்றைப் படைத்து நான்கு மாலை ஆடிப் பழகியவன், வெளியே வந்தும் அக்கண்ணோடு பாரான் என்பதற்கு என்ன உறுதி? இனம் படைக்கும் இளைஞர்க்கு யான் சொல்வது இது: உடம்பைப் பிறப்புக்குக் கொடுங்கள்; பண்பை ஆடுவோனுக்கு விட்டுவிடுங்கள். அப்படி விட்டால் சமன் பார்ப்பதும் எளிதாகும். உடம்பின் வரத்தை அளக்கலாம். குலத்தின் மேல் ஏற்றிய இழிவை எந்தப் பகடையால் அளப்பது?

விசும்பரை என்ன செய்தோம் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். அவரை விலக்கிவிடலாம் என்றான் மருமகன். படைத்தவன் முகம் வாடிற்று. விலக்கினால் அவனுக்கு வேலையில்லை. அதுவும் அதே குற்றமன்றோ? மூவரும் இருந்து தாளைத் திருத்தினோம். 1974ஆம் ஆண்டு நூலே இதற்கு வழி காட்டியிருந்தது என்றான் மருமகன். எந்த இனமாக ஆட விரும்பினும் ஆடலாம். ஆனால் வலிமை குன்றிய நிலையிற் தொடங்கிச் சிறிது சிறிதாக வளர வேண்டும். நாகமாக விரும்புவோன் இளநாகமாகத் தொடங்குக என்பது அந்நூலின் கருத்தாம். 2024ஆம் ஆண்டு நூலிலே நாகவழியினருக்கு ஐந்தாம் படியிலேதான் சிறகு வருகிறது. அதுவும் நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை, பத்து நிமிடம். மந்திரவாதி உழைத்துப் பெற்றதற்கு நேரான அளவு. ஐம்பதாண்டு சுற்றி, தொடங்கிய இடத்துக்கே அறிவு வந்து சேர்ந்தது.

அதனைப் பின்பற்றி, இளம் விசும்பருக்குப் பறத்தலை நீக்கி மிதத்தலை வைத்தோம். உயரத்திலிருந்து குதித்தாற் காற்றிலே சாய்ந்து இறங்கலாம். நிலத்திலிருந்து எழும்ப இயலாது. ஐந்தாம் படியில் நாளுக்கு ஒரு முறை சிறிது நேரம் பறக்கலாம். பிறர் ஒருவரைச் சுமத்தல் இயலாது. இவ்வளவும் மருமகனின் கணக்கு. கடைசி வரி படைத்தவன் தானே எழுதியது: கயிற்றின் ஒரு தலையை அலகிலோ கையிலோ பற்றி மிதந்து அப்பாற் கரை சேர்க்கலாம், ஆனால் முடிச்சிடத் தெரிந்த ஒருவர் கயிற்றைக் கட்டித் தந்தால் மட்டுமே.

அவ்வரியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. முன்னைய சிறகு கயிற்றுக்கு வேலையில்லாமற் செய்தது. இந்தச் சிறகு கயிற்றைத் தேடி வருகிறது. பிறர்க்கு வேலை பறிக்கும் வரத்துக்கும் வேலை தரும் வரத்துக்கும் இடையே இருந்தது ஒரு வரி.

தாளை அந்த மாணவியிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் படித்துவிட்டு, “என்ன முடிச்சு என்று எழுதவில்லையே” என்றாள். அன்று மாலை வந்தாள். மருமகன் விமானம் ஏறும் வரை இன்னும் இரண்டு மாலைகளே எஞ்சியிருந்தன. அந்தக் கோபுரத்துக் கதை முடிவுறவில்லை. பகடைப் பையை அவன் இங்கேயே விட்டுச் சென்றிருக்கிறான். இப்போது கதை நடத்துவது அந்த மாணவி. புதிய இனம் படைத்து வருவோரிடம் அவள் முதலிற் கேட்பது, “உங்களுக்கு என்ன வரும்?” என்பதன்று, “உங்களோடு வருபவருக்கு என்ன மிஞ்சும்?” என்பதே.